பக்கத்து சீட்

டிசம்பர் 3, செவ்வாய்

ஃபெயில்.

டிசம்பர் 4, புதன்

நேற்று அந்த ஒரு சொல்லுக்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை. இன்றும் கோபம் அடங்கவில்லை. எழுதாவிட்டால் யார் மேலாவது எரிந்து விழுவேன், அதனால் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். நாமக்கல் பஸ் ஸ்டாண்டு நெரிசலில், சேலம் பைபாஸில், ஒருமுறை அப்பாவின் லாரியைப் பரமத்தி வேலூர் வரை. அப்படிப்பட்ட இந்தக் கோகிலவாணிக்குக் கார் ஓட்ட வராது என்று, கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் ஆள் எழுதிக் கொடுக்கிறான்.

முப்பத்தைந்து நிமிடம் ஒரு குறை இல்லை. டெஸ்ட் சென்டருக்கு முந்தின தெருவில் வெள்ளைக் கோடு போட்ட கிராஸிங். ஓரத்தில் ஒரு கிழவர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வருகிறேன், நில்லுங்கள் என்று ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்தேன். எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூட இது தெரியும். இந்தக் கிழவர் கையைத் தூக்கி எனக்கு நன்றி சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கினார். பிரேக் போட்டேன். நாய்க்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. முழம் என்ன குறைவா?

இங்கே இங்கிலாந்தில் லைட் அடித்தால் நீங்கள் போங்கள் என்று அர்த்தமாம். அடிக்காவிட்டாலும் கிராஸிங்கில் நிற்கிறவருக்கு வண்டி நின்றே ஆக வேண்டுமாம். ரோடு வண்டிக்கா, நாய்க்கா என்று அந்த ஆளிடம் கேட்க வாய் வரை வந்தது. இங்கிலீஷில் கோபப்பட எனக்கு இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால், கூடத் தங்கியிருக்கிற ஜெஸிந்தா வாசலிலேயே நின்று, "என்னாச்சுக்கா?" என்றாள். என் முகத்தைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

டிசம்பர் 6, வெள்ளி

கணக்கு இதுதான். நானும் ஜெஸிந்தாவும் ஒரே விமானத்தில் மார்ச் 10 அன்று வந்து இறங்கினோம். நம் ஊர் லைசன்ஸ் இங்கே பன்னிரண்டு மாதம் செல்லும். அதற்குள் இந்த ஊர் டெஸ்டில் பாஸாக வேண்டும். சில நாட்டுக்காரர்கள் லைசன்ஸை நீட்டினால் டெஸ்டே இல்லாமல் மாற்றிக் கொடுத்துவிடுவார்களாம். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ் மூன்று முறை படித்தேன். இந்தியா இல்லை. அந்த நாடுகளில் ஒன்றிலாவது நாமக்கல் போல லாரி ஓடுமா?

மார்ச் 9 கடைசி நாள். எனக்கு அடுத்து கிடைத்த டெஸ்ட் தேதி மே 21. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, எல்லாம் நிரம்பிக் கிடக்கிறது.

எங்கள் வேலை லிங்கன்ஷைர் கிராமங்களில் வீடு வீடாகப் போய் முடியாத பெரியவர்களைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது. ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவே எட்டு மைல் முட்டைக்கோஸ் வயல். கார் ஓட்டாதவர்களுக்கு இங்கே வேலை கிடையாது. வேலை இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் நாமக்கல்.

டிசம்பர் 8, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். செப்டம்பரில் இருவருக்கும் டெஸ்ட் தேதி பதிந்தவள் நான். இந்த வீட்டில் கரண்டு பில்லில் தொடங்கி ஜெஸிந்தாவின் டாக்டர் பதிவு வரை எல்லா ஃபாரத்திலும் என் மெயில், என் போன் நம்பர். எங்களை இங்கே அனுப்பிய ஏஜென்டு காலத்திலிருந்தே நமக்கு இதுதானே பழக்கம், விவரம் தெரிந்த ஒருத்தர் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவது. "நீங்களே போட்டுடுங்கக்கா" என்று பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு அவள் இட்லிக்கு மாவு கலக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு இருந்ததே இரண்டு தேதிதான். டிசம்பர் 3, பிப்ரவரி 28. முந்தினதை எனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை அவளுக்குப் போட்டேன். ஓட்டத் தெரியாதவளுக்கு எந்தத் தேதியாக இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

இப்போது அந்தத் தேதி அவளிடம் சும்மா கிடக்கிறது.

டிசம்பர் 11, புதன்

எங்களுடையது இரண்டு பேர் சேர்ந்து போகிற சுற்று. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பட்டையில் மாட்டித் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒன்பது மாதமாகக் கம்பெனி காரை நான்தான் ஓட்டுகிறேன். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிறாள்.

அவள் லைசன்ஸ் கதை எனக்கு மே மாதமே தெரிந்துவிட்டது.

"தூத்துக்குடியில யாரு புள்ள உனக்கு லைசன்ஸ் குடுத்தது?" என்று கேட்டேன்.

"இந்த வேலைக்கு லைசன்ஸ் வேணும்னு ஏஜென்டு சொன்னாருக்கா. டிரைவிங் ஸ்கூல்ல பணத்தைக் கெட்டுனோம். டெஸ்ட் அன்னைக்கு ஸ்கூல்காரர் பக்கத்துல உக்காந்து அவர் காலாலயே ஓட்டிட்டாரு. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு இருந்தேன், அவ்வளவுதான்."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். வெட்கமே இல்லை. ஒளிக்காமல் சொன்னாளே என்று அன்றைக்கு நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. என் இருபத்திரண்டு வருடமும் அவளுடைய அந்த ஐந்து நிமிடமும் இந்த நாட்டுக்கு ஒன்றுதான்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ் என்று ஜெஸிந்தா கேக் வெட்டினாள். வேலைக்குப் போய்வந்து சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஊரிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். "என்ன, லைசன்ஸ் வாங்கிப் போட்டயா?" என்று கேட்டார். இன்னும் இல்லைங்க என்றேன். "இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன், உனக்கு இதெல்லாம் ஆவாதுன்னு. பேசாம பொட்டியக் கட்டிக்கிட்டு வந்து சேரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். வருவதற்கு முன்பு அவர் சொந்தக்காரர்கள் முன்னால் வைத்து, மூன்று மாதம் தாண்ட மாட்டாள் என்று பந்தயம் கட்டியவர் அவர்தான். கல்யாணமாகி பதினேழு வருடத்தில் நான் ஓட்டிய காரில் அவர் ஏறியதே இல்லை. ராசிபுரத்தில் துக்க வீட்டுக்குப் போகும்போதுகூட நான் காரில் போனேன், அவர் பின்னால் பஸ்ஸில் வந்தார். பொம்பளை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போனால் ஊர் என்ன பேசும் என்று கவலை.

நான் திரும்பிப் போக மாட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

கடைக்குப் போய்விட்டு வரும் வழியில், தலையில் பலகை வைத்த ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் தெருமுனையில் நின்றது. ஜெஸிந்தா ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். பக்கத்தில் நரைத்த தாடி வைத்த ஒருவர். பெயர் நைஜலாம்.

வீட்டில் கேட்டேன். செப்டம்பரிலிருந்து வாரம் இரண்டு நாள் கற்றுக்கொள்கிறாளாம். சர்ச்சுக்குப் போகிறேன், நூலகத்துக்குப் போகிறேன் என்று சொன்னதெல்லாம் இதற்குத்தான்.

"ஏம்புள்ள மறைச்ச?"

"சொன்னா சிரிப்பீங்கன்னுதான்க்கா."

சிரித்திருப்பேன்தான். அதற்காக மறைப்பதா? ஒரே சமையலறையில் நின்று, ஒரே குக்கரில் சோறு வைத்துச் சாப்பிடுகிறவள்.

ஜனவரி 15, புதன்

எங்கள் மேனேஜர் ஷாரன் கூப்பிட்டுப் பேசினாள். மார்ச் 9-க்குப் பிறகு செல்லுபடியாகும் லைசன்ஸ் இல்லாத யாரையும் தனியாக அனுப்ப முடியாதாம். இரண்டு பேர் போகும் சுற்றில் மட்டும் ஒருத்தருக்கு லைசன்ஸ் இருந்தால் போதும், இன்னொருத்தர் கூடப் போகலாம், ஜோடிக்கு ஒருத்தராவது பாஸாகிவிடுங்கள் என்றாள். அதோடு உதட்டை இழுத்து ஒரு சிரிப்பு.

ஜெஸிந்தா உடனே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். எனக்கு அதில் நிம்மதிப்பட ஒன்றும் தெரியவில்லை.

ஜனவரி 22, புதன்

தினமும் காலை ஆறு மணிக்குப் போனில் டெஸ்ட் தேதி தேடுகிறேன். யாராவது ரத்து செய்தால் அந்த இடம் திடீரென்று வரும், தட்டுவதற்குள் போய்விடும். இன்றைக்கு மார்ச் 4 வந்தது. விரலை வைப்பதற்குள் காணாமல் போனது.

பிப்ரவரி 3, திங்கள்

வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. சனிக்கிழமை பட்டையை இழுக்கும்போது பிடித்துக்கொண்டது. கியர் மாற்ற இடது கை இருக்கிறது, ஸ்டியரிங் ஒடிக்கத்தான் முடியவில்லை.

"நான் ஓட்டட்டாக்கா? எனக்கும் ஊர் லைசன்ஸ் இன்னும் செல்லும்லா" என்றாள் ஜெஸிந்தா.

வேறு வழி இல்லாமல் சாவியைக் கொடுத்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத் தொடை வலித்தது. அவள் ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் கண்ணாடி, தோளைத் திருப்பி ஒரு பார்வை, மறுபடியும் கண்ணாடி. எந்தக் கிராஸிங் வந்தாலும் இருபது அடிக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறாள். சுற்று முடிக்கும்போது வழக்கத்தைவிட ஆறு நிமிடம்தான் அதிகமாகியிருந்தது. சரியாகப் பார்த்தால் நான்கு.

மார்கரெட் என்ற கிழவியைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது அவள் என்னிடம் கேட்டாள், இன்றைக்கு யார் ஓட்டியது, தினமும் நீங்கள் வந்து நிற்கும்போது என் ஜன்னல் அதிரும், இன்று நீங்கள் வந்ததே தெரியவில்லை என்று. படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவளுக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் எதற்கு?

பிப்ரவரி 5, புதன்

மணிக்கட்டு சரியாகிவிட்டது. சரியாகவில்லை, ஆனால் நான்தான் ஓட்டினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கேட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்துத் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஜெஸிந்தா, உன்ற டெஸ்ட் தேதிய எனக்கு உட்ரு புள்ள. மே மாசத் தேதிய நீ எடுத்துக்க."

"எப்படிக்கா குடுக்க முடியும்? எனக்கும் மார்ச் ஒம்பதோட முடியுதுல்லா."

"உனக்கு இன்னும் வயசு கெடக்குது. ரெண்டு மாசம் கழிச்சுப் போனா என்ன? நீ பாஸாவேன்னு என்ன நிச்சயம்?"

"நீங்க பாஸாவீங்கன்னு மட்டும் என்ன நிச்சயம்க்கா?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் பாஸானா நம்ம ரெண்டு பேருக்கும் வேலை இருக்கும்லா. ஷாரன்தான் சொன்னாளே, ஜோடிக்கு ஒருத்தர் போதும்னு. நைஜலும் நான் தயார்னு சொல்லுதாரு. மே மாசம் வரைக்கும் நான் ஓட்டுதேன், நீங்க பக்கத்துல உக்காருங்க. அப்புறம் நீங்க ஓட்டுங்க."

நான் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு லைசன்ஸ் வாங்கியவள் எனக்கு வண்டி ஓட்டுவாளாம். இது அவருக்குத் தெரிந்தால் நாமக்கல் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று ஒரு வேலையை முடித்தேன். அதைப் பற்றி எழுதி வைக்க ஒன்றும் இல்லை. இரண்டு பக்கம், ஒரு பட்டன். நிச்சயமாகத்தானா என்று ஒரே ஒரு முறை கேட்கிறது.

பிப்ரவரி 12, புதன்

அந்தத் தேதி உடனே வெளியே வராதாம். காலையில் தேடினேன், இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

இல்லை. யாராவது கொண்டுபோய்விட்டால் எல்லாம் வீண். நாள் முழுக்கப் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலை 6.07-க்கு வந்தது. பிப்ரவரி 28, காலை 10.14. மே மாதத்தை விட்டுவிட்டு இதைப் பிடித்தேன். யாரோ வேண்டாம் என்று விட்ட தேதி.

ஜெஸிந்தாவிடம் சொல்ல வேண்டும். சாயந்திரம் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 17, திங்கள்

அவள் தலைவலி என்று படுத்திருந்தாள். சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ரசம் வைத்திருந்தாள். எனக்கு மிளகு தூக்கலாக இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு கிண்ணத்தில். சாப்பாட்டு நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன். அவளைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. முகத்தைப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாதபடி நடந்துகொள்கிறாள்.

பிப்ரவரி 24, திங்கள்

28-ஆம் தேதி எனக்கு லீவு வேண்டும் என்று ஷாரனிடம் கேட்டேன். உங்கள் ஜோடியும் அன்றைக்கே கேட்டிருக்கிறாள், இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயாவது போகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

பிப்ரவரி 26, புதன்

"அக்கா, டெஸ்ட் புக்கிங் நம்பர் கேக்குதாரு நைஜல். மெயில்ல இருக்கும்லா, பாத்துச் சொல்லுங்க."

பழைய நம்பரைக் கொடுத்தேன். அது அவளுடைய நம்பர்தானே, பொய் ஒன்றும் இல்லை. அவள் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஜெபமாலை டப்பாவில் வைத்தாள். சொல்ல இது நல்ல சமயமாக இருந்தது. அதற்குள் அவள் அம்மா போனில் வந்துவிட்டார்கள்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

நாளைக்கு என்றது நேற்று. நேற்றும் சொல்லவில்லை.

காலையில் அவள் எழுவதற்கு முன்பே கம்பெனி காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டு மணி நேரம் அந்த ஊர்த் தெருக்களிலேயே சுற்றினேன். எப்படியும் நைஜல் முன்கூட்டியே சரிபார்ப்பார், தேதி இல்லை என்று தெரிந்துவிடும், அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். நினைக்கவில்லை, அப்படி வேண்டிக்கொண்டேன்.

10.05-க்கு உள்ளே போனேன். சின்ன அறை, ஆறு நாற்காலி. ஜெஸிந்தா மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பச்சை ஸ்வெட்டர். பக்கத்தில் நைஜல். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, எனக்குத் துணைக்கா வந்தீங்க? லீவு போட்டுட்டா வந்தீங்க?"

எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. "ரொம்பப் பயமா இருந்துச்சுக்கா. இப்போ பரவால்லை" என்றாள். நைஜல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பேச ஒரு நிமிடம் இருந்திருக்கும். அந்த ஒரு நிமிடமும் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்து எக்ஸாமினர் வந்தார். பெண். கையில் இருந்த பட்டியலைப் பார்த்து, தடுக்கித் தடுக்கி, "கோகிலவாணி" என்று கூப்பிட்டார்.

ஜெஸிந்தா, அவர் பெயரை மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான்தான் ஜெஸிந்தா என்று இங்கிலீஷில் சொன்னாள். அந்தப் பெண் மறுபடியும் பார்த்தார். 10.14-க்கு ஜெஸிந்தா என்று யாரும் இல்லை என்றார். அவள் துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினாள். இந்த நம்பர் பதினேழு நாளுக்கு முன்பே ரத்தாகிவிட்டது, மெயில் வந்திருக்குமே என்றார் அந்தப் பெண், மரியாதையாகத்தான்.

ஜெஸிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் லைசன்ஸை எடுத்து நீட்டினேன். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் ஓட்டினேன். எப்படி இவ்வளவு நன்றாக ஓட்டினேன் என்று எனக்கே ஆச்சரியம். கண்ணாடி, தோள், கண்ணாடி. ரவுண்டானாவில் சரியான லேன். ரிவர்ஸ் எடுத்து நிறுத்தச் சொன்னார், ஒரே முறையில் நிறுத்தினேன். திரும்பி வரும்போது அதே தெரு, அதே கிராஸிங்.

ஓரத்தில் ஜெஸிந்தா நின்றிருந்தாள். நைஜலைக் காணவில்லை. தனியாக நின்றிருந்தாள்.

இருபது அடிக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. கம்பெனி காரை அவளுக்குத் தெரியாதா? கண்ணாடி வழியே நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போகவும் முடியாது, நிற்கவும் முடியாது. காலை எடுத்தால் அவள் இறங்கிவிடுவாள், டெஸ்ட் முடிந்தது. நின்றுகொண்டே இருந்தாலும் தயங்குகிறாள் என்று ஃபெயில் போடுவார்கள். பின்னால் ஒரு கார், அதற்குப் பின்னால் ஒரு வேன். எக்ஸாமினர் பேனாவை மூடித் திறந்தார். எத்தனை நொடி என்று சொல்லத் தெரியவில்லை. அவள் நினைத்தால் என்னை அங்கேயே முடித்திருக்கலாம்.

பிறகு இறங்கினாள். மெதுவாக நடந்தாள். ஒவ்வொரு வெள்ளைக் கோடாக. பாதியில் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் ஏறி, சென்டருக்கு எதிர்த்திசையில் போய்விட்டாள்.

பாஸ். மூன்றே சின்னக் குறை. தாளைக் கொடுக்கும்போது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார், கிராஸிங்கில் அந்தப் பெண்ணுக்கு மிகப் பொறுமையாக வழிவிட்டீர்கள், பலருக்கு அது வருவதில்லை.

மார்ச் 1, சனி

அவள் அறையில் அட்டைப்பெட்டிகள், ஊருக்குப் போக வேண்டி வரும் என்று இப்போதே கட்டத் தொடங்கிவிட்டாள். நானே போய்க் கதவருகே நின்றேன்.

"கேன்சல் பண்ணது நீங்களாக்கா?"

"ஆமா."

"ஏன் சொல்லலை?"

அவள் ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"நைஜல்கிட்ட போன வாரம் ஒரு தேதி இருந்துச்சாம். அவர்கிட்ட படிக்கிற ஒருத்தி வேணாம்னு விட்டது. மார்ச் அஞ்சு. எனக்குத் தேதி இருக்கேன்னு வேற யாருக்கோ குடுத்துட்டாரு. நீங்க பண்ணதக்கூட விடுங்க. பண்ணிட்டுச் சொல்லியிருந்தா போதும்க்கா."

எனக்கு அது எப்படித் தெரியும்? யாராவது என்னிடம் சொன்னார்களா?

"சரி புள்ள, இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல" என்றேன். "எனக்கு லைசன்ஸ் வந்துருச்சு. ஜோடிக்கு ஒருத்தர் போதும்ல. நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காரு. எப்பவும் போல."

"உங்க வண்டியில நான் ஏற மாட்டேன்."

அக்கா என்று சொல்லவில்லை.

மார்ச் 3, திங்கள்

ஜெஸிந்தாவின் டாக்டர் பதிவில் மெயில் முகவரி மாற்றப்பட்டது, இனி உங்களுக்குத் தகவல் வராது என்று எனக்கு ஒரு மெயில்.

அவருக்கு போன் செய்து பாஸ் என்றேன். "ஓ" என்றார். பிறகு, ஊரில் மழை என்றார்.

மார்ச் 10, திங்கள்

ஜெஸிந்தாவின் ஊர் லைசன்ஸ் நேற்றோடு முடிந்தது, இனி அவளால் தானே ஓட்டிப் போக முடியாது. வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தேன். ஜெஸிந்தா வெளியே வந்தாள், என் காரைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். முதல் வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஐம்பது நிமிடம் தாமதம். மார்கரெட் ஈரத் துணியோடு காத்துக் கிடந்தாள், தனியாக என்னால் தூக்க முடியாது. வந்ததும் ஜெஸிந்தா மார்கரெட்டிடம் மன்னிப்புக் கேட்டாள். பட்டையின் அந்த முனையைப் பிடித்தாள், இந்த முனையை நான் பிடித்தேன். ஒன்று இரண்டு மூன்று என்று எப்போதும் சேர்ந்து எண்ணித்தான் தூக்குவோம். இன்று அவள் எண்ணவில்லை, நான் மட்டும் எண்ணினேன்.

அடுத்த வீட்டுக்குப் பஸ்ஸே கிடையாது. ஏறு என்று கதவைத் திறந்து வைத்தேன். நான்கு மைல் நடந்தாள். பத்து நிமிடம் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். பிறகு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

ஷாரன் அவளைக் கூப்பிட்டு, காரில் ஏறுவதில் என்ன சிக்கல் என்று கேட்டாளாம். சொந்த விஷயம் என்று மட்டும் சொன்னாளாம். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எதற்காக இந்தப் பெருந்தன்மை? சொல்லியிருந்தால் நானும் நான்கு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அவளுக்குப் பிடிவாதம், அவ்வளவுதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாள். ஏறி உட்கார்ந்தால் தீர்ந்தது. யார் வேண்டாம் என்றது?

மார்ச் 21, வெள்ளி

அவளைச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டார்கள். கம்பெனி அவளுக்கான விசா பொறுப்பை விட்டுவிடும், வேறு இடம் தேட அறுபது நாள் என்று கடிதம் வந்தது. என் பெயருக்கும் ஒரு கவர் வந்தது. லைசன்ஸ் அட்டை. போட்டோவில் நான் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

ஜெஸிந்தா ஊருக்குப் போனாள். இடம் எதுவும் கிடைக்கவில்லை.

ரயில் நிலையம் ஒன்பது மைல். கார் வாசலிலேயே நின்றது, சாவி மேஜையில். நான் சமையலறையில் இருந்தேன். பெட்டியின் சக்கரம் நடைபாதைக் கல்லில் கடகடவென்று போவது பஸ் நிறுத்தம் வரை கேட்டது. ஜன்னலுக்குப் போகவில்லை. ஃபிரிட்ஜில் அவள் மாவு ஒரு டப்பா இருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை, ஊற்றிச் சாப்பிடவும் முடியவில்லை. அப்படியே புளித்துக்கொண்டிருக்கிறது.

மே 6, செவ்வாய்

ஜெஸிந்தா அறைக்குப் புதுப் பெண் வந்துவிட்டாள். மதிவதனி, திருவண்ணாமலைப் பக்கம். இருபத்தைந்து வயது இருக்கும். இனி அவள்தான் என் ஜோடி. காரில் ஏறியதும் பக்கத்து சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "சூப்பரா ஓட்டறீங்க அக்கா" என்றாள். அவளிடமும் ஊர் லைசன்ஸ் இருக்கிறது, பன்னிரண்டு மாதம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், "அக்கா, இந்த ஊர் லைசன்ஸுக்கு என்னென்னமோ ஃபாரம் போடணுமாமே. நீங்களே போட்டுக் குடுத்துடுங்கக்கா, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது" என்றாள். பாஸ்போர்ட்டையும் போனையும் என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

பெயர் போட்டேன். பிறந்த தேதி போட்டேன். வீட்டு முகவரி எனக்கு மனப்பாடம். மெயில் என்று கேட்ட இடத்தில் கொஞ்ச நேரம் விரல் நின்றது. எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தட்டி, உன்ற மெயில் என்ன புள்ள என்று கேட்டிருக்கலாம். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

என்னுடையதையே போட்டேன்.